கழுதைக்குட்டி தண்ணீர் குடித்த பக்கம்

வெங்காயச் சாக்கு, டீசல், உப்புக்காற்று மூன்றும் சேர்ந்த ஒரு மணம் உண்டு. என்னைப் பொறுத்தவரை அதுதான் புத்தகத்தின் மணம். புதுப் புத்தகத்தைப் பிரித்து மூக்கோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த அச்சு மை வாசம் என்னை ஒன்றும் செய்வதில்லை. எனக்கென்று கிடைத்த முதலாவது படக்கதைப் புத்தகம் கடையிலிருந்து வரவில்லை; அப்பாவின் சேட்டுக்குள்ளே, அவருடைய வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற ஒரு கப்பலிலிருந்து வந்தது.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் கோபம்தான் காரணம். நான் அதிகம் படித்தவள் இல்லை, எழுதிப் பழக்கமும் இல்லை, நாலு பேர் நிற்கிற இடத்தில் என் பெயரைக் கேட்டாலே குரல் உள்ளே போய்விடும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு முன்பள்ளியில் கூட்டித் துடைப்பதும், பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் என் வேலை. போன தவணையில் அங்கே ஒரு பெட்டி நிறையப் படப்புத்தகங்கள் வந்தன. எல்லாம் நட்பைப் பற்றியவை. ஒருவரை ஒருவர் சீண்டக்கூடாது, யாராவது சீண்டினால் பயப்படாமல் எதிர்த்துச் சொல்லவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பவை. வாசலில் மாவிலை கட்டி, விளக்கேற்றி, படம் பிடித்து, கைதட்டி முடிந்த பிறகு அந்தப் புத்தகங்களுக்கு என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன். என்னுடைய புத்தகத்துக்கு என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்கு என் கோபம் விளங்காது.

அப்பா ஒரு "லோஞ்சி"யில் வேலை செய்தார். துறைமுகத்துக்குள் வந்து நிற்கிற கப்பல்களுக்கு மரக்கறியும் தேங்காயும் குடிதண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கிற எஞ்சின் படகு அது. கப்பற்காரரோடு கதைக்க அப்பாவுக்கு ஒரு பாஷையும் தெரியாது, எல்லாம் கையால்தான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து, சோறு போதும் என்பதற்கும் வாயைத் திறக்காமல் கையை விரித்துக் காட்டுவார். நான் வாயில்லாதவளாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் நாலாம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள், அரபு நாட்டுக் கப்பல் ஒன்றுக்குப் பூசணிக்காயும் பச்சை மிளகாயும் ஏற்றிக்கொண்டு போனவர், திரும்பி வந்ததும் அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்று சேட்டுப் பொத்தானைக் கழற்றினார்.

“கப்பல் கோக்கி தந்தவர்,” என்றார். சமையற்காரரை அப்படித்தான் சொல்வார்கள். “உனக்கு எத்தினை பிள்ளை எண்டு கையால கேட்டவர். ஒண்டு எண்டு காட்டினனான். எவ்வளவு உயரம் எண்டு கேட்டவர். இவ்வளவு எண்டு காட்டினனான். உடனை உள்ளை போய் இதைக் கொண்டுவந்து தந்திட்டார். அவற்ற பிள்ளை பெரிசாகிட்டுதாக்கும்.”

தடித்த தாளில், கண்ணைப் பறிக்கிற நிறத்தில், பக்கத்துக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பள்ளிவாசல் முகப்பில் பார்த்த அதே வளைந்த எழுத்து. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஆர் இதை வாசிக்கிறது?” என்று கேட்டார். “படம் பாக்கிறதுக்கு என்னத்துக்கு அரபு?” என்றார் அப்பா. அவர் பாஷை இல்லாமலே கப்பல் கப்பலாக ஏறி இறங்கியவர். அவருக்கு அது சரிதான்.

தமிழ்ப் புத்தகத்தை எப்படித் திறப்போமோ அப்படித்தான் அதையும் திறந்தோம். முன்னட்டையில் ஒரு சின்ன வாளியின் படம் மட்டும் இருந்தது, பின்னட்டையில் பெரிய எழுத்தும் பெரிய கழுதைக்குட்டியும் இருந்தன. வெளிநாட்டுக்காரர் நல்ல அட்டையைப் பின்னுக்குப் போடுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டோம். முதற் படத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆடுகள், ஒரு கோழி, கொம்பு வளைந்த பெரிய கிடாய் ஒன்று, ஒரு காது மடிந்த கழுதைக்குட்டி, எல்லாம் ஒன்றாக நின்று தண்ணீர் குடித்தன. அடுத்ததில் அந்தக் கிடாய் கழுதைக்குட்டிக்கு முன்னால் தலையைத் தாழ்த்தி நின்றது. முட்டப் போகிறது என்று எவருக்கும் தெரியும். பிறகு கோழி செட்டையை விரித்துக்கொண்டு கழுதைக்குட்டிக்கு முன்னால் நின்றது. பிறகு கோழியும் கழுதைக்குட்டியும் மணலில் சேர்ந்து நடந்தன. பிறகு கழுதைக்குட்டி விழுந்து கிடந்தது, பக்கத்தில் கோழி குந்தியிருந்தது. அடுத்ததில் கோழியைக் காணவில்லை, கிடாய் கழுதைக்குட்டியை முட்டித் தள்ளியது. கடைசிப் படத்தில் ஆடுகள் எல்லாம் கிடாயோடு தொட்டியடியில் நிற்க, தூரத்தில் ஒரு மரத்துக்குக் கீழே கழுதைக்குட்டி தனியாக நின்றது. அதன் கண்ணில் ஒரு துளி நீர் வரைந்திருந்தார்கள்.

நான் அந்தப் படத்தைப் பார்த்து அழுதேன். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தி, முதற் பக்கத்துக்குப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார். “ஏன் பிள்ளை அழுறாய்? அது தண்ணி குடிச்சுப்போட்டுத்தானே போகுது.”

அந்தச் சமாதானத்தோடு மறுநாள் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் வகுப்பு "மொனிட்டர்" வசந்தி. உயரமான பிள்ளை, நல்ல குரல், ரீச்சர் வெளியே போனால் வகுப்பு அவளுடைய கையில். கதைக்கிற பிள்ளைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவளுடைய வேலை. வாயே திறக்காத என் பெயரையும் எழுதுவாள். ரீச்சர் வந்து, “இவளும் கதைச்சவளோ?” என்று கேட்டால், “மனசுக்குள்ள கதைச்சவள் ரீச்சர்,” என்பாள். வகுப்பே சிரிக்கும், ரீச்சரும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பகிடி வசந்திக்கு அலுத்ததே இல்லை, ஒரு தவணை முழுக்க ஓடியது.

புத்தகத்தை என் கையில் கண்டதும், “பார்த்திட்டுத் தாறன்,” என்று வாங்கினாள். பிறகு தரவில்லை. இடைவேளைக்கு வேப்பமரத்தடியில் எல்லாரையும் வட்டமாக இருத்தி, நடுவில் தான் இருந்து, புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கதை சொல்லத் தொடங்கினாள். கொய்யாக்காயோ கச்சானோ கொண்டுவந்து கொடுத்த பிள்ளைகளுக்கு முன் இடம். கொண்டுவராதவர்களுக்குப் பின்னால். புத்தகத்துக்குச் சொந்தக்காரியான எனக்கு வட்டத்துக்கு வெளியே ஒரு வேலை இருந்தது: மான் பார்ப்பது. எங்கள் ஊர் மான்கள் வீதியிலும் வரும், பள்ளிக்கூட முற்றத்திலும் வரும், கடதாசியைக் கண்டால் விடாமல் தின்னும். “ஏய், மான் வந்தால் கலைக்கோணும், என்ன!” என்று என்னை நிறுத்திவிட்டாள். மான் வந்தால் நான் கலைத்தேன். மான் ஒன்றைத்தான் என்னால் கலைக்க முடிந்தது.

வசந்தி சொன்ன கதை இதுதான்: “இது வேற எங்கையோ இருந்து வந்த கழுதை. முதல்ல பாவம் எண்டு எல்லாரும் சேர்த்துத் தண்ணி குடிக்க விட்டவை. கூப்பிட்டால் கதைக்காது, கேட்டால் சொல்லாது, ஊமை. கிடாய்க்கு விசர் வந்திட்டுது. கோழிதான் கொஞ்ச நாள் சேர்ந்து திரிஞ்சது, பிறகு அதுவும் விட்டிட்டுப் போட்டுது. இந்தா பாருங்கோ, கடைசியில தனிச்சுப் போய் நிக்குது.” கடைசிப் பக்கத்தை விரித்துப் பிடித்து, மறு கையால் வட்டத்துக்கு வெளியே நிற்கிற என்னைக் காட்டுவாள். “அந்தா, இவவின்ர படம்!”

அன்றிலிருந்து எனக்குப் பெயர் "கழுதை". பெயர் வைத்ததைவிட, அதற்குப் புத்தகத்தில் சாட்சி இருந்ததுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. படத்தை மறுத்து என்ன சொல்ல முடியும்? எல்லாரும் சேர்ந்து நின்றதும் உண்மை, கழுதைக்குட்டி தனித்துப் போனதும் உண்மை. வீட்டில் அப்பா, “புத்தகம் எங்கை பிள்ளை?” என்று கேட்கும்போதெல்லாம், “பிள்ளையள் வாசிக்கினம் அப்பா,” என்பேன். அவருக்கு முகம் மலர்ந்துவிடும். கப்பலில் ஏறினால் அந்தக் கோக்கியிடம் இதைக் கையால் எப்படிச் சொல்வது என்று யோசிப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் பரீதா வந்தாள். அவளுடைய வாப்பா கிண்ணியாவிலிருந்து வந்து நகரத்தில் தையற்கடை போட்டிருந்தார். அவளை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த நாளில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. "பாதை" என்று சொல்கிற மிதவையில் பஸ்ஸும் மாடும் மனிதரும் சேர்ந்து தண்ணீரைக் கடக்க வேண்டும். நான் இருந்த வாங்குப் பலகையில் இடம் காலியாக இருந்ததால் அவளை என் பக்கத்தில் இருத்தினார்கள். வந்த அன்றைக்கே, “நீ ஏன்கா கதைக்கிறல்ல?” என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்தேன். “சரி, நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கதைக்கிறன். நீ தலையாட்டு,” என்றாள். அவள் தன் வீட்டு வெள்ளாடு, பாதையில் தன் உம்மாவுக்கு வருகிற தலைச்சுற்று, வாப்பா பிழையாக வெட்டிவிட்ட காற்சட்டை எல்லாவற்றையும் கதைத்தாள். நான் தலையாட்டித் தலையாட்டிக் கடைசியில் வாய் திறந்து சொன்ன முதல் வசனம், “அந்தப் புத்தகம் எங்கட அப்பா கொண்டு வந்தது,” என்பதுதான்.

இடைவேளைக்குப் பரீதா என் கையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். வசந்தி அன்றைக்கும் வட்டத்தின் நடுவில் இருந்து, முதற் பக்கத்தைத் திறந்து, “எல்லாரும் சேர்ந்து தண்ணி குடிக்கினம்...” என்று தொடங்கினாள். பரீதா எட்டிப் பார்த்தாள். பிறகு பெரிய சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

“என்னகா இது? முடிவிலருந்தா வாசிக்கிறீங்க?”

வட்டத்தில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வசந்திக்கு முகம் சிவந்தது. “உனக்கென்ன தெரியும்? தள்ளிப் போ.”

“அது அரபுப் புத்தகம். அரபு இந்தப் பக்கத்தாலதான் துவங்கும்.” பரீதா குனிந்து, வசந்தியின் கையில் இருந்தபடியே புத்தகத்தை மறுபக்கம் திருப்பினாள். பெரிய கழுதைக்குட்டி போட்ட அட்டை மேலே வந்தது. “நாங்க ஓதுற பள்ளியில இப்பிடித்தான் திறப்பம்.”

“அப்ப உனக்கு இதை வாசிக்கத் தெரியுமோ?”

“எழுத்துக் கூட்டுவன். கருத்துத் தெரியாது,” என்றாள் பரீதா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். “ஆனா எங்க துவங்குற எண்டு தெரியும்.”

சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினாள். மரத்துக்குக் கீழே தனியாக நின்ற கழுதைக்குட்டி இப்போது முதற் படம். “இதுக்குத் தாகம். கிடாய் விடுகுதில்ல,” என்றாள். தண்ணீருக்குப் போன குட்டியைக் கிடாய் முட்டித் தள்ளியது. குட்டி விழுந்து கிடக்கையில் கோழி வந்து பக்கத்தில் குந்தியது. இரண்டும் எழும்பிச் சேர்ந்து நடந்தன. நடந்துபோனது வெளியே அல்ல, தொட்டியை நோக்கி. கோழி செட்டையை விரித்துக் கிடாய்க்கு முன்னால் நின்றது. கிடாய் தலையைத் தாழ்த்தியது. அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்திருப்பேன், அது முட்டுவதற்குத் தாழ்த்திய தலை இல்லை, வெட்கத்தில் தாழ்த்திய தலை என்று அன்றைக்குத்தான் கண்டேன். கடைசிப் படத்தில் எல்லாம் ஒன்றாக நின்று தண்ணீர் குடித்தன, கிடாயும் சேர்ந்துதான். அப்பா விரல் வைத்துக் காட்டிய அந்தப் பக்கம் கதையின் தொடக்கமே இல்லை. அதுதான் முடிவு.

பின்னால் இருந்த ஒரு பிள்ளை, “அப்ப கழுதை வெண்டிட்டுதோ?” என்று கேட்டது.

வசந்தி புத்தகத்தை இழுத்தாள். பரீதா விடவில்லை. “பொய்! உங்கட ஆக்களின்ர எழுத்து எண்டு சொல்லிப் புத்தகத்தை எடுக்கப் பாக்கிறாய்,” என்று வசந்தி கத்த, பரீதாவும் கத்தினாள்: “எங்கடயும் இல்ல, ஒங்கடயும் இல்ல. இது அவட புத்தகம். அவட வாப்பா கடலுக்குள்ள போய்க் கொண்டு வந்தது. குடு!” அவள் எனக்கும் வசந்திக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். செட்டை இல்லாததுதான் குறை.

சத்தம் கேட்டு ரீச்சர் வந்தார். “ஆற்ற புத்தகம் இது?” என்று கேட்டார்.

“எங்கட வகுப்புப் புத்தகம் ரீச்சர்,” என்றாள் வசந்தி.

“இல்ல ரீச்சர், அவட,” என்றாள் பரீதா.

ரீச்சர் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். இப்போது வருகிற படப்புத்தகங்களில் இந்த இடத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள்: சின்னஞ்சிறு மீனோ முயலோ நெஞ்சை நிமிர்த்தி, வாயை அகலத் திறந்து, “நிறுத்து!” என்று சொல்லும். எனக்கு நெஞ்சு நிமிரவில்லை. ஆனாலும் சொன்னேன். “என்ர புத்தகம் ரீச்சர். எங்கட அப்பா கொண்டு வந்தவர். வாங்கின வசந்தி கன நாளாத் தாறாள் இல்லை.” அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. மெதுவாகச் சொன்னேன், ஆனால் ரீச்சருக்குக் கேட்டது. கேட்டது என்பதை நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அவர் பதில் சொன்னார்.

“உன்ர எண்டால் வீட்டில வைச்சிருக்க வேணும். பள்ளிக்கூடத்துக்கு என்னத்துக்குக் கொண்டு வந்தனீ? இப்ப பார், உன்ர புத்தகத்தால மூண்டு பேருக்கும் சண்டை.”

புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “கையைக் குடுங்கோ, மூண்டு பேரும். ம்ம், குடுங்கோ. அவ்வளவுதான். இனி எல்லாரும் சிநேகிதர்.” வசந்தி என் கையைப் பிடித்தாள், ரீச்சர் பார்க்காத பக்கத்தால் விரலை நெரித்தாள். புத்தகம் அதிபரின் அறைக்கு வெளியே இருந்த கண்ணாடி அலுமாரிக்குள் போனது. உலக உருண்டைக்கும் விளையாட்டுப் போட்டியில் கிடைத்த கிண்ணங்களுக்கும் நடுவில் அதை நிறுத்திவைத்துப் பூட்டினார்கள். வாளி போட்ட அட்டைதான் வெளியே தெரிந்தது. பிழையான பக்கத்தால் நிறுத்தியிருந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அதற்குப் பிறகு ஒருநாள் வசந்தி என்னைக் "கழுதை" என்று கூப்பிட்டபோது, கொய்யாக்காய் கொடுத்து முன் இடம் வாங்குகிற பிள்ளை ஒன்றே, “கழுதைதானே கடைசியில தண்ணி குடிக்குது,” என்று சொன்னது. அந்தப் பெயர் அதோடு செத்துப்போனது. வசந்தி வேறு பெயர்கள் தேடினாள், அவை ஒட்டவில்லை. நானும் பரீதாவும் இடைவேளையில் அலுமாரிக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, மூடியிருக்கிற புத்தகத்தைப் பக்கம் பக்கமாகச் சொல்லிப் பார்ப்போம். “இப்ப கோழி வருகுது,” என்பாள் அவள். “இப்ப நடக்கினம்,” என்பேன் நான். எங்கள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிடும், பியோன் ஐயா வந்து கலைப்பார்.

அப்பாவிடம் கடைசியில் சொல்ல வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் என்றாலே ஒதுங்கி நிற்கிற மனிதர், வேட்டி உடுத்து வந்து அதிபரின் அறைக்கு முன்னால் நின்றார். “பிள்ளையின்ர புத்தகம் ஒண்டு...” என்று தொடங்கிக் கையால் அலுமாரியைக் காட்டினார். “சண்டை பிடிக்கிற சாமான் ஐயா. வருஷம் முடிய வாங்கோ, பாப்பம்,” என்றார் அதிபர். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். வீதியில் நடக்கும்போது, “படிச்ச ஆக்கள், காரணமில்லாமல் செய்யமாட்டினம்,” என்றார். அவர் குரலில் கோபம் இல்லாததுதான் எனக்கு மிகவும் கோபமாக இருந்தது.

வருஷம் முடியவில்லை. அதற்கு முன்னரே சண்டை மூண்டு ஊர் குழம்பி, பள்ளிக்கூடம் அகதி முகாமானது. வாங்குகள் கட்டிலாகின, கதவுகள் விறகாகின. நாங்கள் திரும்பிப் போனபோது அலுமாரி இருந்தது, கண்ணாடி இல்லை. உலக உருண்டை இல்லை, கிண்ணங்கள் இல்லை, புத்தகமும் இல்லை. எந்தத் தாயாவது அழுகிற பிள்ளைக்குக் காட்ட எடுத்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அடுப்பு மூட்டவும் எடுத்திருக்கலாம். பரீதாவின் வாப்பா கடையை மூடிக்கொண்டு கிண்ணியாவுக்கே போய்விட்டார். அவள் போனது எனக்குத் தெரியவே சில நாளாயிற்று. வாங்கில் அவளுக்கென்று இடம் விட்டே இருந்தேன்.

வசந்தி மட்டும் இந்த ஊரிலேயே இருக்கிறாள். மீன் சந்தையில் கண்டால் ஓடிவந்து தோளில் கை போடுவாள். “எடியேய் ஊமைச்சி! எப்பிடி இருக்கிறாய்? என்ன பகிடி எல்லாம் பண்ணித் திரிஞ்சம் அந்த நாளையில!” என்பாள், உண்மையான பிரியத்தோடு. புத்தகம் ஒன்று இருந்ததே அவளுக்கு நினைவில்லை. ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். “புத்தகமோ? எந்தப் புத்தகம்? உனக்கு எப்பவும் ஒரு கற்பனை,” என்று சிரித்துவிட்டு, சூடை மீனை விரலால் அமத்திப் பார்க்கத் தொடங்கினாள். மன்னிப்பும் கேட்காத, செய்ததும் நினைவில்லாத ஒருத்தியோடு என்ன செய்வது என்று எந்தப் படப்புத்தகத்திலும் பக்கம் இல்லை.

இனி முன்பள்ளிக்கு வருகிறேன். போன தவணையில் வந்த புத்தகங்கள் நல்ல புத்தகங்கள். நிறமும் தாளும் என்னுடையதைவிடத் திறம். எல்லாம் தமிழில், எந்தப் பக்கத்தால் திறப்பது என்ற குழப்பமும் இல்லை. பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது நின்று நின்று எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு சின்ன மீனைப் பெரிய மீன் துரத்துகிறது, சின்ன மீன் “நிறுத்து” என்கிறது, அடுத்த பக்கத்திலேயே பெரிய மீன் மன்னிப்புக் கேட்கிறது, இரண்டும் செட்டையைக் கோத்துக்கொண்டு நீந்துகின்றன. ஒரு தரம் சொன்னால் போதும்! என் புத்தகத்துக் கோழியாவது வாய் பேசாமல் நடந்து நடந்து வந்து நின்றது. ஆனாலும் பிள்ளைகளுக்கு இது வேண்டும் என்று நினைத்தேன், ஏதாவது ஒன்றாவது வேண்டும். ஏனென்றால் எங்கள் முன்பள்ளியில் ஒரு சின்னப் பெண்பிள்ளை இருக்கிறாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், சறுக்கில் ஏறினால் மற்றப் பிள்ளைகள் பிடித்து இறக்கிவிடுகிறார்கள். கஞ்சிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்து என் பக்கத்தில் நின்று குடிக்கிறாள்.

விழா முடிந்த அன்றைக்கே முன்பள்ளி ரீச்சர் புத்தகங்களைக் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டினாள். இளம் பிள்ளை, பிள்ளைகளை அடிக்க மாட்டாள், ஏச மாட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. “ரீச்சர், பிள்ளையளுக்குக் குடுக்கேல்லையோ?” என்று கேட்டேன். “பிள்ளையள் கிழிச்சுப் போடுவினம் அக்கா. தந்த ஆக்கள் பாக்க வந்தால் எங்கை புத்தகம் எண்டு கேப்பினம். பதில் சொல்லுறது நான்தானே,” என்றாள். ஒருநாள் நான் விடாமல் கேட்க, ஒரு புத்தகத்தை எடுத்தாள். பிள்ளைகள் எல்லாரையும் கை கட்டி இருக்கச் சொல்லி, தூக்கிப் பிடித்து வாசித்துக் காட்டினாள். “சீண்டினால் பயப்படாமல் சொல்லவேணும், விளங்கினதோ?” “ஓம் ரீச்சர்!” அந்தச் சின்னப் பெண் எழும்பி வந்து மீனைத் தொடக் கையை நீட்டினாள். “தொடக்கூடாது, இரும்மா,” என்றாள் ரீச்சர். புத்தகம் திரும்பவும் உள்ளே போனது. அன்றைக்கு நான் சொன்னேன், பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொன்னேன்: “கிழியட்டும் ரீச்சர்.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள், பிறகு அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டாள்.

சிறுவயதில் நான் ஒரு தரம்தான் கதைத்தேன். ஒரு தரம் கதைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு கன காலம் வாயை மூடிக்கொண்டேன். அது என் இயல்பென்றே எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். இப்போது கிழமைக்குக் கிழமை கேட்கிறேன். “ரீச்சர், இண்டைக்குத் திறப்பமோ?” அவளுக்கு அது ஒரு பகிடியாகிவிட்டது. “அக்காவுக்கு இந்த அலுமாரியில ஒரு கண்,” என்று பெற்றோரிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

அப்பா இல்லை. மரக்கறி ஏற்றுகிற அந்த லோஞ்சிகளை இப்போது நான் காண்பதில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வந்து "பாதை"யும் போய்விட்டது. பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது என் வயதுப் பெண்கள் ஏறினால் முகத்தைப் பார்ப்பேன், பரீதாவாக இருந்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. கழுதைக்குட்டி தண்ணீர் குடித்த பக்கம் மட்டும் கண்ணுக்குள் இருக்கிறது, காது மடிப்போடு, நிறம் மாறாமல்.

நேற்று ரீச்சர் அலுமாரியைக் காட்டினாள். கீழ்க் கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்ன விரல் அடையாளம், ஒரு மூக்கு அழுத்திய வட்டம், அதைச் சுற்றி மூச்சுப் பட்ட மங்கல். “அக்கா, இதைக் கொஞ்சம் துடைச்சு விடுங்கோ. ஒவ்வொரு நாளும் ஊத்தையாக்குதுகள்.”

“துடைச்சால் நாளைக்கும் வரும் ரீச்சர்,” என்றேன். “திறந்து விட்டால் வராது.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. துணியை வாளிக்குள் போட்டுவிட்டு, அலுமாரிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், அப்பா கப்பற்காரரிடம் நீட்டுவதுபோல, ஒன்றும் பேசாமல், திறப்புக்காக. அவளுடைய சிரிப்பு நின்றது. “நாளைக்குப் பாப்பம் அக்கா,” என்றாள். கண்ணாடியை நான் துடைக்கவில்லை. நாளை என்பது இன்றைக்கு. இதை முடித்துவிட்டுப் போய், அதே இடத்தில், அதே கையை நீட்டிக்கொண்டு நிற்கப் போகிறேன்.